தூரப் பொருளாக ஒரு பெயர்ப்பலகை

திலகக்கா இறந்ததை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. வாசித்துத்தான் அறிந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். நெல்லியடியில், பஸ் வராத பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் வாகை மரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. கொப்பித் தாளின் நீலக் கோடுகளுக்கு மேல் கறுப்புக் கரை. கரைக்குள் அவருடைய பெயர்.

கீழே ஒரு வசனம்: ‘பார்வை குன்றிய நிலையிலும் எமது அச்சகத்தில் பல்லாண்டு பணியாற்றிய அன்னாருக்கு எமது அஞ்சலி.’

அவர் இல்லை என்பதற்கு முன் அந்த வசனம்தான் எனக்குள் போனது. துக்கம் பிறகு வந்தது. இன்னும் முழுதாக வரவில்லை. கோபம் வாசலில் நிற்கிறது, வழி விடுகிறதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பது வழக்கம். வந்து சாப்பிட்டவர்கள் வெற்றிலையோடு அந்தச் சிறு புத்தகத்தையும் கொண்டுபோவார்கள். இறந்தவரின் படம், வெண்பாக்கள், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல். திலகக்காவின் தங்கை என்னிடம் வெண்பா கேட்டார். எனக்கு வராது. ‘ஆற்றொணாத் துயரம்’ போன்ற சொற்களை அக்கா ஆயிரக்கணக்கில் திருத்தி அனுப்பியவர். அவருக்கே அவற்றைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன்.

இதைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அந்த மரத்தில் இருந்ததையும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஆகையால் முதலிலேயே சொல்கிறேன். அவருக்குக் கண் தெரியும்.

*

போரால் பல்கலைக்கழகம் அடிக்கடி மூடப்படும் காலம். மூடியிருந்த ஒரு தவணையில் அந்த அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். புறூவ் பார்த்து அச்சுப் பிழை திருத்துவது இருவர் வேலை. நான் மூலப் பிரதியை உரக்க வாசிப்பேன். அக்கா அச்சான தாளில் விரலை ஓட்டிப் பார்ப்பார். காற்புள்ளியைக்கூட நான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விரல் நின்றுவிடும்.

“தம்பி, உங்கை ஒண்டு கிடக்கு. விழுங்கிப்போட்டாய்.”

“நீங்கள் மூலத்தைப் பாக்கேல்லையே அக்கா?”

“உன்ரை மூச்சைப் பாத்தனான்.”

மின்சாரம் இல்லை. அச்சுத்தாள் வருவதில்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாள்தான் வந்தது. அதன் கோடுகள் எழுத்துகளின் தலையையும் இடுப்பையும் வெட்டிக்கொண்டு ஓடும். உள்ளறையில் பகலிலும் ஜாம் போத்தல் விளக்கு. மாலையாகும்போது அக்காவின் கண்கள் சிவந்து நீர் கட்டும். நான் அவர் வயதில் பாதி. எனக்கும் அப்படித்தான்.

கண் பயிற்சிகள் அவருக்கு ஒரு வாரப் பத்திரிகையின் சுகாதாரப் பகுதியிலிருந்து கிடைத்தன. அதற்கும் அவர்தான் புறூவ் பார்த்தார். மற்றவர்கள் அச்சடித்துவிட்டு மறந்ததை அவர் செய்து பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டதும் கதிரையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுவார். உள்ளங்கைகள் சூடேறும்வரை தேய்த்து, மூடிய கண்களின் மேல் கிண்ணம்போலப் பொத்துவார். முழங்கை மேசையில் ஊன்றியிருக்கும். தோள் இறங்கும். நானும் அப்படிச் செய்தபோது என் கையைத் தட்டிவிட்டார்.

“அமத்தாதை. கண்ணிலை வைக்கிறது கையை இல்லை, இருட்டை.”

பிறகு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் கொண்டுபோவார். இடமும் வலமும். பெரிய வட்டமாக ஒருமுறை சுற்றி, மறுபக்கமாகத் திருப்பிச் சுற்றுவார். மெதுவாக இமைகளை அடிப்பார். வாசிக்கிறவன் இமைக்க மறக்கிறான், அதனால்தான் கண் காய்கிறது என்பார். கடைசியில் பெருவிரல். முகத்துக்கு நேரே அதை நிமிர்த்திப் பிடித்து, நகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு பார்வையைத் தெருவுக்கு அப்பால் ஏதோ ஒரு தூரப் பொருளுக்கு அனுப்புவார். மறுபடி நகம். மறுபடி தூரம்.

இது கண்ணாடிக்கு மாற்றில்லை என்பதில் தெளிவாக இருந்தார். கிட்டத்து எழுத்துக்கு ஒரு கண்ணாடி வைத்திருந்தார், அதைப் போட்டுத்தான் வாசித்தார். “மாடும் உழுதுபோட்டு நிழலிலை நிக்குது. கண்ணுக்கு மட்டும் நிழல் வேண்டாமோ?”

முதலாளி இதைப் பார்த்துச் சிரிப்பார். “திலகம் நாட்டியம் ஆடத் தொடங்கீட்டா” என்று வந்திருப்பவர்களுக்குச் சொல்வார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்ப்பதில் அந்த மனிதருக்கு உள்ள ஆசை எனக்குத் தெரியும்.

*

இனி அந்த வசனம் பிறந்த கல்வெட்டு.

நாகலிங்கத்தார் என்ற பெரியவர் இறந்துபோனார். படத்தோடு கல்வெட்டு வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். படம் அச்சடிக்கத் துத்தநாகத் தகட்டில் முகத்தைச் செதுக்கி எடுத்த புளொக் வேண்டும். புதிதாகப் புளொக் செய்ய அப்போது வழியில்லை. அதனால் முதலாளி பழைய புளொக்குகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். கோயில் மலரிலும் கலியாண வாழ்த்திலும் ஒருகாலத்தில் சிரித்தவர்கள், இறந்ததும் அதே சிரிப்போடு கல்வெட்டுக்கு வருவார்கள். ஊரில் எல்லோருக்கும் அது பழகியிருந்தது. நாகலிங்கத்தாரும் அவர் தம்பி சிவலிங்கத்தாரும் ஒரே கும்பாபிஷேக மலரில் படம் போட்டிருந்தார்கள். ஒரே நெற்றி, ஒரே திருநீறு, ஒரே மூக்கு.

முதலாளி பெட்டியைக் கிண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புறூவ் வந்தது. நான் வாசிக்கத் தொடங்குமுன் அக்காவின் விரல் படத்தில் நின்றது.

“முதலாளி, இது தம்பியார் எல்லோ.”

“ஆர் சொன்னது?”

“காதிலை கடுக்கன் கிடக்கு. நாகலிங்கத்தார் கடுக்கன் போடுறேல்லை.”

“அது கடுக்கன் இல்லை, தாளின்ரை கோடு.”

“கோடு நீலம். இது கறுப்பு. வட்டம்.”

“உமக்குக் கண்ணிலை வட்டம். உந்த நாட்டியத்தை விட்டிட்டு எழுத்தைப் பாரும். படம் என்ரை பொறுப்பு.”

நான் பக்கத்தில் இருந்தேன். இந்த வரிகளை நானாகக் கட்டவில்லை. அக்கா மறுபடியும் சொன்னார். முதலாளி மெஷினை மிதிக்கச் சொன்னார்.

அந்தியேட்டியன்று சிவலிங்கத்தார் தமையனுக்குத் தர்ப்பணம் முடித்து, கடலில் குளித்து வந்து, வாழையிலைக்கு முன்னால் இருந்தார். முந்தி கீரிமலைக்குப் போவார்கள். பாதை மூடியபின் இங்கேயே கடற்கரையில் செய்கிறார்கள். பந்தியில் கல்வெட்டைப் பிரித்திருக்கிறார். தன் படத்தின் கீழே சிவபதம் அடைந்தார் என்று வாசித்திருக்கிறார். அவருடைய மனைவி குளறத் தொடங்க, யார் எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமல் மற்றப் பெண்களும் குளற, சோறு ஆறிப்போனது.

மறுநாள் மகன்மாரோடு அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“என்னைச் சாகடிச்சுப்போட்டியள். அது பரவாயில்லை. என்ரை அண்ணை எங்கை? அவருக்கு நான் என்னத்தைப் படைச்சனான்?”

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். தோளில் கை வைப்பதுபோலப் பாவனை செய்தார்.

“ஐயா, கோவிக்காதையுங்கோ. புறூவ் பாக்கிற இந்தப் பிள்ளைக்குக் கண் சரியாத் தெரியாது. பாவம் எண்டு வைச்சிருந்தனான்.”

அக்கா கண்டு சொன்னார், நான் கேட்டேன் என்று சொன்னேன். “உவன் அவவின்ரை ஆள்” என்றார் முதலாளி. சிவலிங்கத்தார் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறையைத் தேடுகிறவர் பார்ப்பதுபோல. அன்று அவை சிவந்துதான் இருந்தன. போத்தல் விளக்கில் வேலை செய்த எல்லாருடைய கண்ணும்போல.

அக்கா அழவில்லை. விரலில் ஒட்டிய மையைத் துணியில் துடைத்தார். மடித்து மேசையில் வைத்தார்.

“கண் தெரியாதவளுக்கு உங்களை நல்லாய்த் தெரியுது, முதலாளி.”

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் என்னையும் வர வேண்டாம் என்றார்கள்.

வேறு அச்சகங்களில் கேட்டார். அவர் போவதற்கு முன் அந்த வசனம் போயிருந்தது. கண் தெரியாதவரைப் புறூவுக்கு யார் எடுப்பார்கள்? அவருக்கு வேறு தொழில் தெரியாது. கரவெட்டியில் தங்கை வீட்டில் இருந்தார். “பேசாமல் வீட்டிலை இரு, கண்ணுக்கும் ஓய்வு” என்று உறவினர் சொன்னார்கள். உங்களில் சிலர் சொன்னீர்கள்.

*

அவர் வீட்டில் இருக்கவில்லை. அச்சகத்துக்கு நேரெதிரே, அந்த வாகை மரத்தடியில் உட்கார ஒரு சீமெந்து வாங்கு இருக்கிறது. காலையில் அச்சகம் திறக்கும் நேரத்துக்குக் கரவெட்டியிலிருந்து வந்து அதில் இருப்பார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவார். உள்ளங்கைகளைத் தேய்ப்பார். பொத்துவார். திறப்பார். பெருவிரலை நிமிர்த்துவார். நகத்தைப் பார்ப்பார். பிறகு தெருவுக்கு அப்பால் முதலாளியின் பெயர்ப்பலகையைப் பார்ப்பார். அச்சகத்தின் பெயர், அதற்குக் கீழே முதலாளியின் பெயர், அதற்குக் கீழே அவருடைய பதவி. ஒவ்வொரு எழுத்தாக. நகம். பலகை. நகம். பலகை.

இதை முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் போய் இருந்தேன்.

“வீட்டிலையும் தூரம் கிடக்குதுதானே அக்கா? இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு வரவேணுமோ?”

“வீட்டிலை பனைதான் தெரியுது. பனையோடை எனக்கென்ன கோவம்?”

முதலாளிக்குப் பயிற்சியென்று தெரியும். நாட்டியம் என்று சிரித்தவர்தானே. ஆனால் ஒருவர் தினமும் விரலை நிமிர்த்தித் தன் பெயரையே குறிபார்த்தால் தெரிந்தும் பயம் வரும். மெஷினின் வார் அறுந்தது. மை கட்டிப்பட்டது. ஒரு சாத்திரியிடம் போனார். அடுத்த நாள் பலகையின் கீழே முகம் கீறிய நீற்றுப்பூசணிக்காய் தொங்கியது. கண்ணூறுக்கு.

அன்று அக்கா மிகுந்த சந்தோசத்தோடு இருந்தார். “நல்லாய்ப் போச்சு. எழுத்துப் பாத்துக் களைச்சால் படம் பாக்கலாம். அந்தப் பூசணிக்காயும் அந்தாளின்ரை சாயல்தான். பெட்டியிலை புளொக் கிடந்திருக்கும்.”

அச்சுக் கோர்க்கும் கந்தசாமி அண்ணை ஒருநாள் தெருவைக் கடந்து வந்தார்.

“திலகம், குறை நினையாதையும். முதலாளி கேக்கிறார், நீர் வாய்க்குள்ளை என்ன மந்திரம் சொல்லுறீர் எண்டு.”

“பலகையை வாசிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. ‘முகாமையாளர்’ மங்கிப்போச்சு. ஒருக்காப் பூசச் சொல்லுங்கோ.”

பூசினார்கள். பெயின்ற் கிடைக்காத காலத்தில், எங்கேயோ தேடி, அந்த ஒரு சொல்லை மட்டும் பூசினார்கள்.

பழிவாங்கல் என்றால் தீ வைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாடு முழுவதும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அக்கா ஒன்றையும் தொடவில்லை. பார்த்தார். தினமும் வந்து பார்த்தார். அவருடைய கண் சிவப்பு வடிந்துகொண்டே வந்தது. போத்தல் விளக்கு இல்லை, நீலக் கோடு இல்லை, மரநிழலும் தூரமும் இருந்தன. துரத்தியவர் செலவில் கண் தேறுகிறது என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒரு பெண் தன் தகப்பனின் கல்வெட்டுப் புறூவோடு அச்சகத்திலிருந்து வெளியே வந்தார். வாங்கில் இருப்பவரைக் கண்டார். தயங்கி, தெருவைக் கடந்தார்.

“அக்கா, நீங்கள் முந்தி உங்கை இருந்தனீங்கள்தானே. ஒருக்காப் பாத்துத் தாறியளோ?”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகனை மருமகனாக்கியிருந்தார்கள். தேத்தண்ணி ஒன்று மட்டும் வாங்கிக் குடித்தார். அந்தச் செய்தி சந்தையில் பரவியது. அதன்பின் எல்லோரும் கடந்து வந்தார்கள். கடைசியில் அச்சகத்தாருக்கு வேறு வழியிருக்கவில்லை. “திலகக்கா பாத்தவவோ?” என்று வீட்டார் கேட்காமல் ஒரு தாளும் மெஷினுக்குப் போகாது. கந்தசாமி அண்ணை ஈரம் காயாத தாள்களோடு தெருவைக் கடந்து வருவார், திரும்பிப் போவார். முதலாளி யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர்கள் அவருடைய முகத்துக்கு முன்னாலேயே, கண் தெரியாதவர் என்று அவர் சொன்னவரின் கண்ணை நம்பினார்கள்.

ஆள் அனுப்பினார். திரும்ப வேலைக்கு வரட்டாம். உள்ளறை வேண்டாம், வாசலில் மேசை போடலாமாம்.

அக்கா சொல்லி அனுப்பியது இது: “வாறன். முதலிலை சிவலிங்கத்தார் வீட்டை போவம். அவரின்ரை மனிசி, பிள்ளையளுக்கு முன்னாலை, திலகம் கண்டு சொன்னவ, நான் கேக்கேல்லை எண்டு ஒரு வசனம் சொல்லட்டும்.”

“ஒரு வசனத்துக்கு இவ்வளவு வீம்போ?” என்று கேட்டாராம்.

“ஒரு வசனத்தாலைதானே போனனான்.”

அவர் சொல்லவில்லை. அக்கா போகவில்லை. மழைக்காலம் வந்தது. குடையோடு வந்து இருந்தார்.

*

மலேரியா. அதற்குரிய குளிசை வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலை இன்னொருவரோடு பகிர்ந்து கிடந்தார். காய்ச்சலில் வெளிச்சம் கூசியது. நான் போனபோது உள்ளங்கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுத்தாமல்.

“ஆரது?”

“நான்தான் அக்கா.”

“அந்தாள் சொல்லிச்சுதோ?”

“இல்லை.”

“சொன்னது எண்டு நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.”

“நம்பியிருப்பியளோ?”

“இல்லை.” சிரித்தார் என்று நினைக்கிறேன். கைகளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் பெண் அவருக்காகப் பிரார்த்தித்து, எல்லாரையும் மன்னித்துவிடுங்கோ தங்கச்சி, மனம் இலேசாகும் என்றார். “மனம் பாரமாக் கிடக்கட்டும் அக்கா, கண் இலேசாக் கிடக்கு” என்றார் திலகக்கா. அவரிடம் நான் கேட்ட கடைசி வார்த்தைகள் இவை.

*

செத்தவீட்டுக்கு முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி. முன் வரிசையில் இருந்தார். பறையொலி ஓய்ந்திருந்த நேரம் பார்த்து எழும்பி, எல்லோருக்கும் கேட்க, திலகத்தின் கல்வெட்டைத் தன் செலவில் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். அது தன்னுடைய கடமை என்றார். சிலர் தலையாட்டினார்கள். பெரிய மனசு என்று யாரோ முணுமுணுத்தார்கள். தங்கை என்னைப் பார்த்தார்.

நான் எழும்பினேன். “எழுதித் தாறதை அப்பிடியே அடிப்பியளோ அண்ணை? ஒரு சொல்லும் மாத்தாமல்?”

“ஒரு சொல்லும் மாத்தாமல். இது என்ன கேள்வி தம்பி?”

பின்னால் சிவலிங்கத்தாரின் குரல் கேட்டது. அவர் வந்திருந்ததை நான் காணவில்லை. “நான் சாட்சி. முந்தி என்னை அடிச்சனீங்கள். இவவையாவது சரியா அடியுங்கோ.”

செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது. பலர் குனிந்துகொண்டார்கள்.

ஆகவே நீங்கள் வாசிக்கும் இந்தப் பக்கங்கள் அவருடைய ஈய எழுத்துகளில் கோர்க்கப்பட்டவை. அவருடைய மெஷினில் மிதிக்கப்பட்டவை. அவருடைய செலவு. இதில் அவர் பெயர் இல்லை என்றேன். கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். வழக்கப்படி, அச்சிட்டவர் என்று அவரே போட்டிருப்பார்.

*

புறூவ் பார்க்கும்போது சேர்த்தது:

இன்று அச்சகத்தின் வாசலில் மேசை போட்டு இருந்து இதைப் பார்த்தேன். கந்தசாமி அண்ணை மூலத்தை உரக்க வாசித்தார். சில இடங்களில் அவருடைய குரல் இறங்கியது. இறங்கிய இடங்களிலும் எழுத்துப் பிழையில்லை. நன்றாகக் கோர்த்திருக்கிறார்.

முதலாளி வந்து எதிரே கதிரையில் இருந்தார்.

“தம்பி, உந்தப் படத்தின்ரை பகுதியை எடுக்க ஏலாதோ?”

“ஒரு சொல்லும் மாத்திறேல்லை எண்டு சொன்னனீங்கள்.”

“உமக்கு விளங்காது. அண்டைக்குப் பெட்டியிலை தமையன்ரை புளொக் இல்லை. மலருக்குச் செய்ததிலை அது எங்கையோ துலைஞ்சுபோச்சு. வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்திட்டன். ரெண்டு பேரும் ஒரே சாடை. ஆர் பாக்கப் போகினம் எண்டு நினைச்சன்.”

கந்தசாமி அண்ணையின் கை எழுத்துப் பெட்டிக்கு மேல் அப்படியே நின்றது.

“அப்ப அது தம்பியார் எண்டு உங்களுக்கு முதலே தெரியும்” என்றேன்.

“ஓம். அவ சொல்ல முதலே தெரியும்.”

“கடுக்கன்?”

“அதுவும் தெரியும்.”

அக்கா வாங்கிலிருந்து கேட்டது ஒரு வசனம். வந்தது அதைவிடப் பெரியது. கேட்க அவர் இல்லை. எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. மன்னிக்கவும் தோன்றவில்லை. இந்த மனிதர் வயதாகித் தளர்ந்து இருந்ததைக் கண்டேன், அதுவும் என்னை அசைக்கவில்லை.

“நீங்கள் இப்ப சொன்னதையும் இதிலை சேக்கப்போறன்” என்றேன்.

எழுதினேன். கந்தசாமி அண்ணை கோர்த்தார்.

திலகக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது துக்கமல்ல, ஒரு வழக்கம். பிழை செய்தவரை, தொடாமல், திட்டாமல், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. இன்று அந்த மேசைக்கு இப்பால் இருந்து அதைச் செய்தேன். முதலாளிதான் முதலில் கண்ணை எடுத்தார்.